பெரட்டுக்கு எத்தனை பெட்டி?

கேள்வி: அக்கா, நான் பட்டர்வர்த்தில் இருக்கிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணு ஆலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை, 12 மணி நேர ஷிப்ட், நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. அப்பா அம்மா இருவரும் கெடாவில் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள். அவர்கள் சொன்னதை வைத்து மூன்று வருடமாக 'பெரட்டு' (தோட்டத்தில் விடியற்காலை ஆள்கணக்கு எடுப்பது) என்று ஒரு போர்ட் கேம் செய்து வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு நெறை, அதாவது ஒரு மர வரிசை. விடியுமுன் மரம் வெட்டி, மழைக்கு முன்னால் பால் எடுத்து ஸ்டோரில் நிறுக்க வேண்டும். 90 அட்டை, ஒரு பலகை, மரக் காய்கள். விளையாடிய எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. சீனாவில் ஒரு தொழிற்சாலை 1000 பெட்டி அடித்தால் ஒன்று 19 வெள்ளி (ரிங்கிட்) என்கிறது. இங்குள்ள ஓர் அச்சகம் 300 பெட்டிக்கு ஒன்று 36 வெள்ளி என்கிறது. 1000 அடித்தால்தானே லாபம்? ஊழியர் சேமநிதியின் மூன்றாவது கணக்கில் கொஞ்சம் இருக்கிறது, மீதிக்குக் கடன் வாங்கலாம் என்று நினைக்கிறேன். படம் எல்லாம் மச்சான் சும்மா வரைந்து கொடுத்தார். கம்பெனி பதிய வேண்டுமா? யோசனையை யாராவது திருடிவிட்டால்? இரண்டு மூன்று வருடத்தில் ஆலை வேலையை விட முடியுமா? மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்கிறாள்: இத்தனை பெட்டியை எங்கே வைப்பது?

பதில்: தம்பி, இவ்வளவு கேள்வியில் முதலில் கேட்கவேண்டியதைக் கேட்டிருப்பவர் உங்கள் மனைவிதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் கோலாலம்பூர் சான் சோ லின் பக்கத்தில் ஓர் அச்சகத்தில் 19 வருடமாக விலைக்கணக்குப் போடும் வேலையில் இருக்கிறேன். இரவு நேரத்தில் நானும் என் தம்பியும் சேர்ந்து சின்னச் சின்ன அட்டை விளையாட்டுகள் வெளியிடுகிறோம், இதுவரை நான்கு. அச்சகத்துக்கு யார் வந்தாலும், "500 அடிக்கிற விலையோடு இன்னும் கொஞ்சம் போட்டால் 1000 கிடைக்கும், யோசித்துப் பாருங்கள்" என்று நாளைக்குப் பத்துத் தடவை சொல்பவள் நான். அது பொய்யில்லை. பிளேட் போடுவதும் இயந்திரத்தைத் தயார் செய்வதும் ஒரே செலவுதான், எத்தனை அதிகம் அடிக்கிறோமோ அத்தனை பேர் தலையில் அது பிரியும். ஆனால் அது அச்சகத்தின் கணக்கு. எங்கள் முதல் ஆட்டத்துக்கு நான் பிறருக்குச் சொல்லும் வசனத்தை நானே நம்பி 1000 அடித்தேன். செந்தூல் அடுக்குமாடி வீட்டில் மாமனார் படுத்திருந்த அறையில் மூன்று பக்கச் சுவரும் அட்டைப்பெட்டி. மூன்று வருடத்தில் 380 விற்றது. நம் ஊர்ப் புழுக்கத்தில் மூடிகள் நெளிந்து, அடியில் இருந்த வரிசை பூசணம் பிடித்து, மிஞ்சிய பெட்டிகளைப் பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போட்டேன். எடைக்குப் போட்ட அன்றுதான் மாமனார் சன்னலைத் திறந்தார்.

உங்கள் 1000 பெட்டியைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவருகிறேன். பெட்டி 20 சென்டிமீட்டர் சதுரம், 5 சென்டிமீட்டர் உயரம், எடை 600 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அட்டைப்பெட்டிக்கு 24 என்றால் 42 அட்டைப்பெட்டி, ஒவ்வொன்றும் 14 கிலோவுக்கு மேல், மொத்தம் 600 கிலோ. லோரிக்காரர் அதைக் கீழே இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார். லிஃப்டில் ஏற்றுவது யார்? இது உங்கள் மனைவிக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது பணம். 19 வெள்ளி என்பது தொழிற்சாலை வாசலில் உள்ள விலை. கப்பல் கட்டணம், துறைமுகச் செலவு, சுங்கம், லோரி எல்லாம் சேர்த்து பெட்டிக்கு இன்னும் நான்கு வெள்ளி என்று குறைவாகவே போடுகிறேன். ஆக 23 வெள்ளி, 1000 பெட்டிக்கு 23,000. உள்ளூரில் 300 பெட்டிக்கு 10,800. விற்பனை விலை இரண்டுக்கும் 89 என்று வைப்போம். நீங்களே கையால் விற்றால் 89 முழுதாக வரும், கடையில் வைத்தால் கடைக்காரர் 40 விழுக்காடு எடுப்பார், உங்கள் கைக்கு 53.40 வரும். போட்ட பணம் திரும்ப எத்தனை பெட்டி விற்க வேண்டும் என்று பாருங்கள். 1000 அடித்தால் கையால் 259, கடை வழியாக என்றால் 431. 300 அடித்தால் கையால் 122, கடை வழியாக 203. பெட்டிக்கு 13 வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய், போட்டதை எடுக்கவே கூடுதலாக 137 பேரைத் தேடிப் போகிறீர்கள். நூறு பேரிடம் விற்பது என்றால் என்ன என்று இன்னும் உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

போர்ட் கேம் வெளியிடுகிறவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள், விற்பனை விலை தயாரிப்புச் செலவைப்போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்று. நான் சொல்வது அதற்கு நேர் எதிராக இருக்கிறதே என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். அந்தக் கணக்கு விநியோகஸ்தர், கடை என்று இரண்டு கை கடந்து போகிறவர்களுக்கு உரியது. விநியோகஸ்தர் உங்கள் விற்பனை விலையில் பாதிக்கும் கீழே வாங்குவார், அதனால் ஐந்து மடங்கு இல்லாமல் அவர்கள் பிழைக்க முடியாது. உங்களுக்கு விநியோகஸ்தர் இல்லை, முதல் ஆட்டத்துக்கு வேண்டவும் வேண்டாம். இரண்டரை மடங்கில் நீங்களே விற்றால் போதும். இரண்டாம் பதிப்புக்கு ஆள் வரிசையில் நின்றால் அப்போது சீனாவுக்குப் போகலாம், தொழிற்சாலை எங்கேயும் ஓடிவிடாது.

பணத்தைவிட எனக்குக் கவலை உங்கள் நேரம். இரண்டு நாள் ஓய்வு என்கிறீர்கள். இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் அதில் ஒரு நாள் தூக்கத்தில் போகும், இன்னொரு நாள் பிள்ளைகள், கோயில், சொந்தக்காரர் வீட்டு விசேஷம். அதிலும் ஒவ்வொரு ஓய்விலும் நான்கு மணி நேரம் ஒதுக்குவீர்கள் என்றே வைக்கிறேன். ஆறு நாளுக்கு ஒரு சுற்று, வருடத்துக்கு 60 சுற்று, 240 மணி நேரம். எங்கள் அனுபவத்தில் ஒரு பெட்டி கைமாற அரைமணி நேரம் ஆகிறது. புலனத்தில் (வாட்ஸ்அப்) பதில் சொல்வது, பணம் வந்ததா என்று பார்ப்பது, சுற்றிக் கட்டுவது, கூரியருக்குக் கொண்டுபோவது, அப்புறம் ஒரு வாரம் கழித்து "அக்கா, மழை அட்டை வந்தபிறகு வாளியில் இருக்கிற பால் என்ன ஆகும்?" என்ற மாதிரி வரும் கேள்விக்கு இரவு 11 மணிக்குக் குரல்பதிவு அனுப்புவது, இதெல்லாம் அதில் அடக்கம். 300 பெட்டிக்கு 150 மணி நேரம். ஒரு வருடத்தில் முடியும், 90 மணி நேரம் மிஞ்சும். 1000 பெட்டிக்கு 500 மணி நேரம். இரண்டு வருடத்துக்கு நீங்கள் பெட்டி கட்டுவதைத் தவிர வேறெதுவும் செய்யமாட்டீர்கள், அடுத்த ஆட்டம் மண்டையிலேயே கிடக்கும். என் முதல் மூன்று வருடம் அப்படித்தான் போனது.

சரி, 300 என்று முடிவு செய்தால் அச்சு பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, என் தொழில் இது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

90 அட்டை என்பது தெரிந்து வைத்ததா, தற்செயலா? 63க்கு 88 மில்லிமீட்டர் என்ற வழக்கமான அளவு என்றால், பெரிய தொழிற்சாலைகள் பெரும்பாலும் ஒரு தாளில் 54 அட்டை அடுக்குவார்கள். 90 என்றால் இரண்டு தாள், 108 இடம், 18 இடம் வீண். ஆனால் இங்கே டிஜிட்டல் அச்சில் 320க்கு 450 மில்லிமீட்டர் தாளில், வெட்டுக்கு நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் விட்டு, குறுக்காக மூன்றும் நெடுக்காக ஆறும் வைத்தால் சரியாக 18 அட்டை உட்காரும். 90க்கு ஐந்து தாள், ஒரு துண்டு வீணில்லை. அதனால் உள்ளூரில் அடிக்கும்வரை 90ஐத் தொடாதீர்கள். அதற்காக 92 ஆக்கிவிடாதீர்கள், இரண்டு அட்டைக்கு ஆறாவது தாள் போக வேண்டிவரும்.

அட்டையின் பின்பக்கத்தில் மெல்லிய வெள்ளைக் கரை வைத்திருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். கத்தி அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் தெரியும், இரண்டாவது ஆட்டத்திலேயே எது மழை அட்டை என்று பின்பக்கத்தைப் பார்த்தே பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். கரையில்லாமல் முழுதும் இலை மாதிரி ஒரு வடிவம் ஓடட்டும். 300 செட்டையும் ஒரே ஓட்டத்தில் அடிக்கச் சொல்லுங்கள். இன்று 150, அடுத்த மாதம் 150 என்றால் பச்சை இரண்டு விதமாக வரும். சாதாரண 300 கிராம் ஆர்ட் கார்டில் அடித்தால் பளிச்சென்று விளக்குக்கு நேராகப் பிடிக்கையில் உள்ளே இருப்பது நிழலாடும், நடுவில் கறுப்புப் பசை ஓடும் சீட்டுத்தாள் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் பின்பக்கத்தைக் கருமையாக வையுங்கள்.

தமிழ் எழுத்து. எங்கள் அச்சகத்தில் நான் வருடத்துக்கு நான்கைந்து தடவை பார்க்கும் கண்றாவி இது. மச்சான் இல்லஸ்ட்ரேட்டரில் வரைந்திருந்தால், அதில் தெற்காசிய மொழிகளுக்கான வரியமைப்பைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் உங்கள் ஆட்டத்தின் பெயரிலேயே ஒற்றைக்கொம்பு 'ப'வுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். கணினியில் சரியாக இருந்தது அச்சகத்துக் கணினியில் உடையும், அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத் தமிழ் தெரியாது, உடைந்தது அவர் கண்ணில் படாது. அதனால் கோப்பை அனுப்புமுன் எல்லா எழுத்தையும் வரைகோடாக மாற்றிவிடுங்கள், மாதிரி அச்சை நீங்களே போய் ஒவ்வொரு அட்டையாகப் படியுங்கள், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. விதிப்புத்தகத்தில் மலாயும் ஆங்கிலமும் சேர்க்கப்போகிறீர்கள் என்றால் தமிழுக்கு இடம் கூடுதலாக விடுங்கள், ஒரே விதி தமிழில் நீளமாகத்தான் வரும்.

பெட்டி நெளிவதற்குக் காரணம் ஈரம் மட்டுமில்லை. உள்ளே சாம்பல் அட்டை, வெளியே படம் அடித்த தாள். ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால் ஈரத்துக்கு இரண்டும் வெவ்வேறு மாதிரி விரிந்து சுருங்கி வளைத்துவிடும். தாளின் இழை ஓடும் திசை அட்டையோடு ஒத்துப்போக வேண்டும், மூடியின் உள்பக்கமும் ஒரு தாள் ஒட்டினால் இழுப்பு சமமாகும். மாதிரிப் பெட்டியைக் குளியலறைக்கு வெளியே இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை. வந்த சரக்கைத் தரையில் வைக்காமல் மரப்பலகை மேல் வையுங்கள், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி.

மரக் காய்களைப் பற்றி எழுதும்போது எத்தனை என்று சொல்லவில்லை. விலையில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கும், அச்சகத்திடம் காய் தனி, அட்டை தனி, பெட்டி தனி என்று பிரித்து விலை கேளுங்கள். மரத்தில் பால் வடியும் மங்குக்கும் வாளிக்கும் தனித்தனிக் காய் தேவையா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

"விளையாடிய எல்லாருக்கும் பிடித்திருக்கிறது." யார் அந்த எல்லாரும்? சொந்தக்காரர்களும் ஆலை நண்பர்களும் என்றால், அவர்களுக்குப் பிடித்திருப்பது உங்களை. அதுவும் ஒவ்வொரு தடவையும் நீங்கள் பக்கத்தில் இருந்து விதியைச் சொல்லியிருப்பீர்கள். பெட்டியையும் விதிப்புத்தகத்தையும் முன்பின் தெரியாத நான்கு பேரிடம் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு மூலையில் உட்காருங்கள். அவர்கள் தப்பாக விளையாடினாலும் திருத்தக் கூடாது, குறித்துக்கொள்ள மட்டும் செய்யுங்கள். இப்படிக் குறைந்தது ஐந்து கூட்டத்திடம் செய்யாமல் அச்சகப் பக்கமே போகாதீர்கள். ஒரு கூட்டம் தோட்டத்தையே பார்த்திராத பிள்ளைகளாக இருக்கட்டும். அவர்களுக்குப் பெரட்டு என்றால் விடியற்காலை ஆள்கணக்கு எடுப்பது என்றே தெரியாது, நெறை என்றால் ஒருவர் வெட்ட வேண்டிய மர வரிசை என்றும் தெரியாது. அதை விதிப்புத்தகம் சொல்ல வேண்டும்.

இன்னொரு கூட்டம் மரம் வெட்டியவர்களாக இருக்கட்டும், அவர்கள் உங்களை விடமாட்டார்கள். என் அம்மா தோட்டத்தில் பிறந்தவர், உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். முதலில் கேட்டது, "மழை வந்தால் எல்லாம் போச்சா? அப்போ ஒட்டுப்பாலு?" என்றுதான். யோசித்துப் பாருங்கள். அன்றைய பாலை மழை கொண்டுபோனாலும், முந்தின நாள் மங்கில் உறைந்த கட்டிப்பாலுக்கும் பட்டையில் காய்ந்த ஒட்டுப்பாலுக்கும் குறைந்த விலையில் என்றாலும் காசு உண்டு. மழையில் எல்லாம் இழந்தவர் அடுத்த சுற்றுவரை சும்மா உட்கார்ந்திருப்பதுதான் இந்த மாதிரி ஆட்டங்களின் பெரிய குறை, அதற்கு மருந்து உங்கள் கதைக்குள்ளேயே இருக்கிறது. வெயில் ஏற ஏறப் பால் வடிவது குறையும் என்பதையும் பயன்படுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சீக்கிரம் கிளம்புவதா, மழை இருட்டைப் பார்த்துக் காத்திருப்பதா என்ற இழுபறிதான் இந்த ஆட்டம். எனக்கு அது பிடித்திருக்கிறது, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

யாரிடம் விற்பது? 'போர்ட் கேம் கஃபே'க்குப் போகிறவர்களை முதலில் நினைக்காதீர்கள், அவர்களிடம் ஏற்கெனவே அலமாரி நிறைய இருக்கிறது. உங்கள் ஆட்கள், தோட்டம் துண்டாடப்பட்டபின் பிறையிலும் சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் குடியேறி, வருடத்துக்கு ஒருமுறை முன்னாள் தோட்ட மக்கள் ஒன்றுகூடல் வைக்கிறார்களே, அவர்கள். அங்கே ஒரு மேசை போட்டு மூன்று கிழவர்களை விளையாட உட்காரவையுங்கள், சுற்றி நிற்கும் மகன்களும் மகள்களும் வாங்குவார்கள். தீபாவளிக்கு முந்தின ஒரு மாதமும் பொங்கல் விழாக்களும் அடுத்தது. ஜார்ஜ்டவுனில் ஹின் பஸ் டிப்போ ஞாயிறு சந்தையில் மேசை கிடைத்தால் சுற்றுலாக்காரர்களுக்கும் போகும், ஆனால் அதற்கு ஆங்கில விதி தெளிவாக இருக்க வேண்டும். சிறுவயதில் மோனோபோலி மாதிரியான சைதினா விளையாடி வளர்ந்தவர்கள் பெட்டியைத் திருப்பிப் பார்த்து "89 வெள்ளியா?" என்பார்கள். பத்தாயிரக்கணக்கில் அடிக்கும் பெட்டியும் 300 அடிக்கும் பெட்டியும் ஒரே விலைக்கு வராது என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு ஒரு சுற்று விளையாடக் கூப்பிடுங்கள். விலையைக் குறைக்காதீர்கள்.

வெளியில் பேசும்போது சீட்டு என்ற சொல்லைத் தவிர்த்து அட்டை என்றே சொல்லுங்கள். சீட்டு என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் மாறும், தெரியும்தானே. பின்னால் இறக்குமதி செய்தாலும் இது முக்கியம். சுங்கப் பட்டியலில் சீட்டுக்கட்டு 9504.40 என்ற எண்ணிலும் மற்ற பலகை விளையாட்டுகள் 9504.90 என்ற எண்ணிலும் வரும். தொழிற்சாலைக்காரர் ஆவணத்தில் அசட்டையாக 'பிளேயிங் கார்ட்ஸ்' என்று அடித்துவிட்டால் துறைமுகத்தில் விளக்கம் சொல்வது உங்கள் பாடு. ஆர்டர் கொடுக்குமுன் சரக்கு முகவரிடம் எந்த எண், எவ்வளவு வரி என்று எழுத்தில் வாங்குங்கள்.

தமிழ்ப்பள்ளிகளுக்கு விற்கலாமே என்று யாராவது சொல்வார்கள், நாட்டில் 500க்கு மேல் இருக்கின்றன, கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் 14 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள் விளையாடுவதற்கென்று செய்த பொருள் நம் நாட்டில் 2009ஆம் ஆண்டு விளையாட்டுப்பொருள் பாதுகாப்பு விதிகளுக்குள் வருகிறது, பரிசோதனை, எம்சி முத்திரை எல்லாம் உண்டு. பல சின்ன வெளியீட்டாளர்கள் பெட்டியில் 14+ என்று போடுவது இதனால்தான். 14+ என்று போட்டுவிட்டு ஆரம்பப்பள்ளியில் போய் விற்பது சரியில்லை, ஒரு பெற்றோர் கேட்டால் பதில் இருக்காது. முதல் 300ஐப் பெரியவர்களுக்கே விற்றுவிடுங்கள்.

பதிவு விஷயம் சின்ன வேலை, பயப்படாதீர்கள். செண்டிரியான் பெர்ஹாட் என்ற தனியார் கம்பெனி இப்போது வேண்டாம், கம்பெனி செயலாளர், ஆண்டுக் கணக்கு என்று வருடாவருடம் செலவு நிற்காது. கம்பெனிகளைப் பதியும் ஆணையமான எஸ்எஸ்எம்மில் தனிநபர் வணிகமாகப் பதியுங்கள், வணிகப் பெயரில் என்றால் வருடத்துக்கு 60 வெள்ளி, உங்கள் சொந்தப் பெயரிலேயே என்றால் 30. வியாபாரம் தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும். இதில் கடன் வந்தால் அது உங்கள் சொந்தக் கடன், அதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள். அதற்கு முன்னால் ஆலை வேலை ஒப்பந்தத்தை எடுத்து, வெளி வியாபாரம் செய்யத் தடை இருக்கிறதா, அனுமதி கேட்க வேண்டுமா என்று பாருங்கள்.

வரி: இதுவரை சம்பளத்துக்கு மட்டும் பிஇ பாரம் நிரப்பியிருப்பீர்கள், இனி பி பாரம், கடைசி நாள் ஏப்ரல் 30 இல்லை, ஜூன் 30. ரசீதுகளை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும். அந்த வருடம் வியாபாரத்தில் நட்டம் வந்தால் சம்பள வருமானத்தில் கழிக்கலாம், ஆனால் இங்கேதான் நம்மவர்கள் தப்புச் செய்வது. அச்சுக்குக் கொடுத்த 10,800ஐயும் முதல் வருடச் செலவாக எழுத முடியாது. வருடக் கடைசியில் 180 பெட்டி மிச்சம் என்றால் அதன் அடக்கவிலை 6,480 கையிருப்பாக நிற்கும், விற்ற 120 பெட்டியின் 4,320 மட்டும்தான் செலவு. 1000 அடித்து 800ஐ வீட்டில் வைத்திருப்பவர் கையில் காசும் இருக்காது, காட்ட நட்டமும் இருக்காது.

யோசனையைத் திருடுவது பற்றி. ஆட்டம் எப்படி நடக்கிறது என்பதற்குப் பதிப்புரிமை கிடையாது, 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நீங்கள் எழுதிய விதி வாசகத்தையும் படங்களையும்தான் காக்கும், யோசனையையும் முறையையும் அல்ல. ஜார்ஜ்டவுனின் ஐந்தடி நடைபாதைகளை வைத்து 'காக்கி லீமா' என்று ஓர் ஆட்டம் வந்திருக்கிறது, அதனால் ஜார்ஜ்டவுன் பற்றி வேறு யாரும் செய்யக் கூடாது என்றில்லை. உங்கள் அப்பா அம்மா கதையை வேறொருவர் உங்களைப்போல் செய்ய முடியாது. பத்திரமாகப் பூட்டி வைத்து யாருக்கும் காட்டாமல் அச்சுக்குப் போனவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன், திருட்டுக் கொடுத்தவர் ஒருவரையும் பார்த்ததில்லை.

திருட்டைவிட மச்சானைக் கவனியுங்கள். சும்மா வரைந்து கொடுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது சும்மாதான். 300 விற்று அடுத்த பதிப்பு போகும்போது, அதே படத்தை யாராவது டீ-சட்டையில் போடக் கேட்கும்போது, சும்மா என்பது எதுவரை என்ற பேச்சு வரும், அதுவும் குடும்பத்துக்குள், கல்யாண வீட்டில். ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: எந்தப் படங்கள், எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், பெட்டியில் அவர் பெயர் எங்கே வரும், ஒரு பெட்டி விற்றால் அவருக்கு எவ்வளவு. இரண்டு வெள்ளியாக இருந்தாலும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். சொந்தக்காரரே கையெழுத்துக் கேட்கிறாரே என்று அவர் சங்கடப்படுவார். பரவாயில்லை, கேளுங்கள்.

சேமநிதி. மூன்றாவது கணக்கில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது உண்மைதான், அதற்காகத்தான் 2024 மே மாதம் அதைத் திறந்தார்கள். அந்த வருடம் சேமநிதி கொடுத்த லாப ஈவு 6.30 விழுக்காடு. பூசணம் பிடிக்காமல், லிஃப்டில் ஏற்றாமல் வருகிற 6.30. அதை எடுத்து, அதன்மேல் கடனும் வாங்கி அடிக்க வேண்டாம். அதற்குப் பதில் இப்படிச் செய்யுங்கள். ஐந்து கூட்டத்திடம் சோதித்து முடித்தபின், அட்டைப் படங்களோடும் விளையாடுகிற ஒரு நிமிடக் காணொளியோடும் புலனக் குழுக்களிலும் முகநூலிலும் முன்பதிவு திறங்கள். 89 வெள்ளி, முழுப்பணம் முதலிலேயே, கிடைக்கும் மாதத்தைச் சொல்லி, அதற்குமேல் ஒரு மாதம் தள்ளியே சொல்லி. கிக்ஸ்டார்ட்டரைப் பற்றிக் கேட்பார்கள், அதில் பணம் திரட்ட அனுமதித்த நாடுகளில் சிங்கப்பூர் இருக்கிறது, மலேசியா இல்லை, அந்தப் பேச்சை விடுங்கள். வரும் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு அச்சகத்துக்குக் கொடுக்கும்வரை தொடாதீர்கள். இரண்டு மாதத்தில் 80 பேர் கட்டினால் 7,120 வெள்ளி கையில் இருக்கும், மீதி 3,680தான் உங்கள் பணம், போனஸில் முடியும், அச்சடியுங்கள். 40 பேருக்குக் கீழே என்றால் அத்தனை பேருக்கும் திருப்பி அனுப்பிவிட்டு, அச்சகத்தில் பத்தே பெட்டி மாதிரியாக அடித்து அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சொந்தக்காரர்களுக்கும் கொடுங்கள். இடையில் நின்றால் எனக்கு எழுதுங்கள், பார்ப்போம்.

ஆலை வேலையை விடுவது. 300 பெட்டியும் நீங்களே கையால் முழு விலைக்கு விற்றால்கூட 26,700 வரும், அச்சுச் செலவு போக 15,900. அதிலிருந்து கூரியர், சந்தை மேசை வாடகை, கடைக்காரர் பங்கு, மச்சான் பங்கு, காய் தொலைந்தது என்று கேட்பவர்களுக்கு உடைத்துக் கொடுக்க ஒதுக்கும் பத்துப் பெட்டி எல்லாம் போகும். மிஞ்சுவதை உங்கள் வருடச் சம்பளத்துக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நான்கு ஆட்டம் வெளியிட்டபிறகும் நான் காலை எட்டரைக்கு அச்சகத்தில் இருக்கிறேன். எனக்கு அதில் வருத்தமில்லை, இரவு வேலை ருசியாக இருப்பதே பகலில் சம்பளம் வருவதால்தான் என்று எனக்குத் தோன்றும்.

முன்பதிவு திறந்தால் என் பெயரில் ஒரு பெட்டி எழுதிக்கொள்ளுங்கள், அம்மாவுக்கு. செந்தூலுக்கு அனுப்பும் கூரியர் செலவைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். அக்காதானே என்று சும்மா அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.